64 எம்.பி.க்கு மேல் வேண்டாம்: கடலூர் அச்சகத்துப் பழைய பென்டியத்துக்கு ராம் மாற்றிய அனுபவம்

பழைய கம்ப்யூட்டருக்கு ராம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்திருக்கும் நினைவகம்) கூட்டலாம் என்று முடிவு செய்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "அதிகபட்சம் எவ்வளவு போடலாம்?" மதர்போர்டு புத்தகத்தில் ஒரு எண் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு ராம் தேடக் கிளம்பிவிடுவார்கள். என் மாமாவின் அச்சகத்து மெஷினுக்கு ராம் மாற்றி முடித்த பிறகு நான் உறுதியாகச் சொல்வேன், அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். போர்டில் இருக்கும் சிப்செட் (ப்ராசஸரையும் ராமையும் இணைக்கும் சிப்புகள்) எவ்வளவு ராமை வேகமாகக் கையாளும் என்று பாருங்கள், வாங்குகிற ராமில் எத்தனை சிப் ஒட்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர் என்றால் ஸ்லாட்டுக்குள் உப்புக் காற்று என்ன செய்து வைத்திருக்கிறது என்பதை இந்த இரண்டுக்கும் முன்னால் பாருங்கள்.

மாமாவின் அச்சகம் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர், கோயில் மலர், தேர்தல் நேரத்தில் நோட்டீஸ். அங்கே 1990களின் கடைசியில் வாங்கிய பென்டியம் எம்.எம்.எக்ஸ். 200 மெகாஹெர்ட்ஸ் மெஷின் ஒன்று, விண்டோஸ் 95, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 6.5, கூடவே ஒரு தமிழ் எழுத்துரு பேக்கேஜ். அந்த பேக்கேஜுக்கு பிரிண்டர் போர்ட்டில் ஒரு டாங்கிள் (சாவி மாதிரி ஒரு சின்னக் கருவி) செருகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஓடாது. இந்த மெஷினை விட்டுவிட்டு வேலையைப் புது லேப்டாப்புக்குக் கொண்டுபோக முடியாததற்கு அதுதான் காரணம்.

யூனிகோட் வருவதற்கு முன்னால் தமிழ் எழுத்துருக்களில் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. 1999இல் தமிழக அரசு எழுத்துருக்களுக்கு டாம், டாப் என்று பொதுத் தரம் அறிவித்தது, ஆனால் அச்சகங்கள் பலவும் பழகிய எழுத்துருவிலேயே வேலையைத் தொடர்ந்தன. அந்த எழுத்துரு இல்லாமல் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறிக் கிடக்கும். வெறும் எழுத்தை மட்டும் யூனிகோடுக்கு மாற்ற வழி இருக்கிறது. பக்க அமைப்பு, படத்தின் இடம், பார்டர், மாமா கையால் ஒவ்வொரு வரியாகத் தள்ளித் தள்ளி ஒழுங்கு செய்த தலைப்புகள், இவையெல்லாம் அப்படியே வேண்டுமென்றால் பேஜ்மேக்கரில் திறந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் (பிரிண்டருக்குப் பக்கத்தை விவரிக்கும் வடிவம்) ஃபைலாக எழுதி எடுத்தால்தான் உண்டு. அதைப் புது மெஷினில் பி.டி.எஃப். ஆக்கிக்கொள்ளலாம். எங்கள் பகுதியின் நாற்பது ஐம்பது குடும்பங்களின் பத்திரிகைகளும், இப்போது உயிரோடு இல்லாத ஆசிரியர்கள் எழுதிய ஆண்டு மலர்களும் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. அவற்றைக் குப்பையில் போக விட எனக்கு மனசு வரவில்லை.

மெஷினில் இருந்தது 16 எம்.பி. ராம். ஒரு பக்கக் கல்யாணப் பத்திரிகை என்றால் பிரச்சினை இல்லை, போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதி முடித்துவிடும். படங்கள் நிறைந்த மலரைத் திறந்து பிரிண்ட் கொடுத்தால் ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், கடகடவென்று சத்தம், பாதியில் மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இந்த மாதிரி நேரத்தில் உடனே ராம் வாங்க ஓடாமல் விண்டோஸ் 95இலேயே இருக்கும் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து பாருங்கள். முதலில் போடும்போது சேர்க்காமல் விட்டிருந்தால் கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் செட்டப் வழியாகச் சேர்க்கலாம். அதில் மெமரி மேனேஜர் பிரிவில் ஸ்வாப் ஃபைல் (ராம் போதாதபோது டிஸ்க்கில் எழுதி வைக்கும் இடம்) எவ்வளவு பயன்பாட்டில் இருக்கிறது, பேஜ் ஃபால்ட் (வேண்டிய தகவல் ராமில் இல்லாத தடவைகள்) எவ்வளவு என்று வரைபடமாக வரும். ஸ்வாப் பயன்பாடு, இருக்கிற ராமைவிடப் பெரிதாக ஏறிக்கொண்டே போனால் ராம் பற்றாக்குறைதான். அது ஏறாமல் மெஷின் மட்டும் மெதுவாக இருந்தால் கோளாறு டிஸ்க்கிலோ வேறெங்கோ இருக்கிறது, ராம் கூட்டி ஒன்றும் ஆகப் போவதில்லை. எங்கள் மெஷினில் கோடு மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஏ.டி. வகைப் பெட்டிகளில் முன்பக்கம் இருக்கும் பவர் சுவிட்சுக்கு நேரடியாக 230 வோல்ட் ஒயர் வருகிறது. இப்போதைய மெஷின்களில் அந்தப் பட்டனில் சின்ன மின்னழுத்தம்தான் இருக்கும், அதே பழக்கத்தில் பிளக்கைப் பிடுங்காமல் கையை உள்ளே விட்டால் ஆபத்து. சுவிட்ச் பின்பக்கம் சுற்றியிருக்கும் இன்சுலேஷன் டேப் காய்ந்து கழன்றிருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் மூடியைத் திறக்க வேண்டும். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு கனெக்டரையும் கழற்றினால், திரும்ப மாட்டும்போது கறுப்பு ஒயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். மாறினால் போர்டு போய்விடும். ரொம்ப நாள் சும்மா கிடந்த மெஷின் என்றால் பவர் சப்ளையைத் தனியாக, ஒரு பழைய டிரைவை மட்டும் மாட்டி, மல்ட்டிமீட்டரில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போர்டில் கொடுப்பது நல்லது.

எங்கள் மெஷின் ரொம்ப நாள் சும்மா கிடந்ததுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது அச்சகத்தின் ஓட்டுக்கூரை பறந்தது. மாமா மெஷினைத் தார்ப்பாயில் சுற்றி பீரோ மேல் ஏற்றிவிட்டார். அதன் பிறகு கரண்ட் வரவே பல நாள் ஆனது, அச்சகம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. எப்போதாவது ஒரு பழைய பத்திரிகை வேண்டும் என்று யாராவது வந்தால் இறக்கிப் போட்டுப் பார்ப்பார், திரும்ப ஏற்றிவிடுவார்.

மூடியைத் திறந்ததும் போர்டில் முதலில் தேட வேண்டியது இன்டெல் பெயர் போட்ட பெரிய சதுரச் சிப்புகளை. எங்கள் போர்டில் ஒன்றில் 82439 என்ற எண்ணோடு டி.எக்ஸ். என்றும், இன்னொன்றில் 82371 என்றும் இருந்தது. 430டி.எக்ஸ். சிப்செட், 1997இல் வந்தது. இந்தச் சிப்செட் 256 எம்.பி. ராம் வரை ஏற்கும், அது உண்மை. ஆனால் போர்டில் இருக்கும் எல்2 கேஷ் (அடிக்கடி வேண்டியதைக் கையருகே வைக்கும் சின்ன, அதிவேக நினைவகம்), முதல் 64 எம்.பி.க்கு மட்டும்தான் வேலை செய்யும். அதற்கு மேல் உள்ள ராமிலிருந்து எதைப் படித்தாலும் கேஷ் உதவி இல்லாமல் நேராகப் போய்ப் படிக்க வேண்டும். அதைவிடச் சிக்கல், விண்டோஸ் 95 மெமரியின் மேல் கோடியிலிருந்துதான் எடுத்துப் பயன்படுத்த ஆரம்பிக்கிறது. 128 எம்.பி. போட்டால் கேஷ் இல்லாத மேல் பாதியில் போய் விண்டோஸ் உட்கார்ந்துகொள்ளும், காசு செலவழித்து மெஷினை மெதுவாக்கியதுபோல ஆகிவிடும். 430எஃப்.எக்ஸ்., 430வி.எக்ஸ். போர்டுகளுக்கும் இதே 64 எம்.பி. வரம்புதான். 430எச்.எக்ஸ். மட்டும் விதிவிலக்கு, அதில் கேஷில் எது இருக்கிறது என்று குறித்து வைக்கும் டேக் ராம் சிப் கூடுதலாக இருந்தால் 512 எம்.பி. வரை கேஷ் கிடைக்கும்.

வேலைக்கு உண்மையிலேயே 64 எம்.பி. போதாது, ஸ்வாப் அப்போதும் பொங்கி வழிகிறது என்றால் கேஷ் இல்லாத ராம்கூட ஹார்டு டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம், அப்போது கூட்டலாம். பேஜ்மேக்கருக்கு அந்த நிலை வராது. அதனால் எங்கள் மெஷினுக்குச் சரியாக 64 எம்.பி. என்று முடிவு செய்தேன்.

அடுத்தது எந்த வகை ராம். இந்தப் போர்டில் நான்கு 72 பின் ஸ்லாட்டும் இரண்டு 168 பின் ஸ்லாட்டும் இருந்தன. 72 பின் வகையை சிம் ராம் என்பார்கள் (போனில் போடுகிற சிம்முக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), 168 பின் வகை டிம் ராம். சிம் ஒன்று ஒரே நேரத்தில் 32 பிட் கொடுக்கும், பென்டியத்தின் பாதையோ 64 பிட். அதனால் பென்டியத்தில் சிம் ராமை ஜோடியாகத்தான் போட முடியும், ஜோடியில் இரண்டும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். டிம் ஒன்றே 64 பிட், தனியாகப் போட்டாலே போதும். எங்கள் 16 எம்.பி. என்பது இரண்டு 8 எம்.பி. சிம், ஈ.டி.ஓ. என்கிற பழைய வகை.

அதைக் கழற்றாமல் பக்கத்து டிம் ஸ்லாட்டில் ஒன்றைக் கூடுதலாகச் செருகிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். ஈ.டி.ஓ. சிம் 5 வோல்ட்டில் ஓடுகிறது, அதற்கு அடுத்து வந்த எஸ்.டி.ராம் வகை டிம் 3.3 வோல்ட். இரண்டும் ஒரே டேட்டா லைனைப் பகிர்ந்துகொள்ளும்போது 3.3 வோல்ட் சிப்புகளுக்கு நாளடைவில் கெடுதல். சில போர்டுகளில் இரண்டையும் போட்டு ஓடுகிறது என்று சொல்பவர்கள் உண்டு, அந்தக் கால போர்டு புத்தகங்கள் பலவும் சேர்த்துப் போடாதே என்றுதான் சொல்கின்றன. இனிமேல் கிடைக்காத ஒரு மெஷினில் அந்தப் பரீட்சை தேவையில்லை என்பது என் கருத்து. சிம் இரண்டையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு 64 எம்.பி. டிம், அவ்வளவுதான்.

இப்போது சிப் கணக்கு. இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பழைய ராம் வாங்குகிறவர்கள் காசை விடுவது இந்த இடத்தில்தான். 64 எம்.பி. என்பதை மெகாபிட்டில் சொன்னால் 512. அந்த ராம் தகட்டில் எட்டு சிப் இருந்தால் ஒவ்வொன்றும் 64 மெகாபிட். நான்கே சிப் இருந்தால் ஒவ்வொன்றும் 128 மெகாபிட். 430டி.எக்ஸ். சிப்செட்டுக்கு 64 மெகாபிட் சிப் வரைதான் தெரியும். நான்கு சிப் ராமைப் போட்டால் பாதி அளவுதான் காட்டும், இல்லையென்றால் மெஷின் எழும்பவே எழும்பாது. ராம் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவோம், ராம் நன்றாகத்தான் இருக்கும். 430வி.எக்ஸ். போர்டு இன்னும் பாவம், அதற்கு 16 மெகாபிட் சிப் வரைதான் சரிவரும். சிப் மேல் எழுதியிருக்கும் எண்ணிலும் இது தெரியும். சாம்சங் சிப் என்றால் கே4எஸ்64 என்று தொடங்கினால் 64 மெகாபிட், கே4எஸ்28 என்றால் 128, கே4எஸ்56 என்றால் 256. லென்ஸ் இல்லாவிட்டால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பி.சி.100, பி.சி.133 என்று வேகம் எழுதியிருந்தால் கவலைப்பட வேண்டாம், வேகமான ராம் மெதுவான போர்டில் 66 மெகாஹெர்ட்ஸில் ஓடிவிடும். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராமை மட்டும் வாங்கக் கூடாது. நடுவில் குறுக்காக ஒன்றிரண்டு சின்னச் சிப்புகள் கூடுதலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தேடுவதற்கு எங்கள் பகுதி அவ்வளவு மோசமில்லை. எச்.சி.எல்., விப்ரோ, ஏசர் எல்லாம் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் தொழிற்சாலை வைத்திருந்த நிறுவனங்கள். அதனாலோ என்னவோ சுற்றுவட்டாரத்துக் காயலான் கடைகளில் இன்னமும் பழைய போர்டும் ராமும் கண்ணில் படுகின்றன. கடலூரில் லாரன்ஸ் ரோடு பக்கம் விசாரித்தபோது எஸ்.டி.ராமுக்கு அடுத்து வந்த டி.டி.ஆர். வகைக்குக் கீழே யாரிடமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்குப் போய்ச் சுற்றியதில், சார்ஜரும் ரிமோட்டும் குவித்து வைத்திருந்த ஒருவரிடம் ராம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"எது வேணும், டிடிஆர் டூவா த்ரீயா?"

"அதுக்கும் முந்தினது அண்ணே, எஸ்டி ராம். அடியில ரெண்டு வெட்டு இருக்கும்."

"அதெல்லாம் தங்கத்துக்குப் போயிடுமே தம்பி" என்றவர், யோசித்துவிட்டு, வில்லியனூர் ரோட்டில் அவருக்குத் தெரிந்த ஒரு காயலான் கடைக்கு வழி சொன்னார். அவர் சொன்னது நிஜம். பழைய ராம் தகட்டின் தங்கப் பூச்சுக்காக அவற்றை மொத்தமாகக் கிலோ கணக்கில் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டியவர்கள் கைக்கு வருவதற்குள் அமிலத்துக்குள் போய்விடுகிறது. காயலான் கடையில் ஒரு கோணி நிறைய இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, எட்டு சிப், கே4எஸ்64 எண், விளிம்பு உடையாதது, சிப் கால்கள் கறுக்காதது என்று கழித்து நான்கைந்து எடுத்தேன். ஒன்று போதுமென்றாலும் கூடுதலாகவே எடுக்க வேண்டும், கோணியில் கிடந்ததில் எது உயிரோடு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். கடைக்காரர் கிலோ விலைக்கே கொடுத்தார், டீக்காசுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்லாட்டைப் பார்த்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து காற்று அடிக்கிற ஊரில் பித்தளைக் குத்துவிளக்கே வாரம் தவறாமல் தேய்க்காவிட்டால் பச்சைக் களிம்பு பிடிக்கிறது, தார்ப்பாயில் சுற்றி ஈரத்தோடு கட்டி வைத்த மெஷினுக்குள் என்ன ஆகியிருக்கும். டிம் ஸ்லாட்டுகள் எப்போதும் காலியாகவே இருந்ததால் உள்ளே தூசியும் உப்பும் சேர்ந்து ஒரு பொருக்குப் படிந்திருந்தது. சிம் ராமின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல்.

நம் ஊர் சர்வீஸ் கடைகளில் ராம் வேலை செய்யவில்லை என்றால் முதல் வைத்தியம், பென்சில் ரப்பரால் விளிம்பைத் தேய்ப்பது. வேலை செய்யும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதைச் சுரண்டிக்கொண்டுதான் சுத்தம் செய்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு தடவை என்று தேய்த்தால் பூச்சு போய் அடியில் இருக்கும் செம்பு வெளியே வரும், அதன் பிறகு உப்புக் காற்றுக்குக் கொண்டாட்டம். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுவது தனிப் பிரச்சினை. நான் பயன்படுத்துவது ஐ.பி.ஏ., அதாவது 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மொபைல் சர்வீஸ் கடைக்காரர்களைக் கேட்டால் எங்கே வாங்குகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்மானமும் இருக்கும், வேண்டாம். பஞ்சு இழை விடாத துணியில் நனைத்து, விளிம்பின் மேலிருந்து கீழாக, பின் போகிற திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்காக இழுக்கக் கூடாது. துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்தேன். அதற்கும் போகாத கறைக்கு மட்டும் மென்மையான வெள்ளை ரப்பரை லேசாகக் காட்டிவிட்டு, திரும்ப ஐ.பி.ஏ.

ஸ்லாட்டுக்குத்தான் பொறுமை வேண்டும். மென்மையான பல் துலக்கும் பிரஷை ஐ.பி.ஏ.வில் நனைத்து நீளவாக்கில் தேய்த்து, ஊதுபந்தால் ஊதி, திரும்பத் தேய்த்து. வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். அப்புறம், கெட்டுப்போன ராம் ஒன்றை ஐ.பி.ஏ.வில் நனைத்து ஸ்லாட்டில் செருகிச் செருகி எடுத்தால், உள்ளே இருக்கும் தகடுகள் ராமின் விளிம்போடு உரசிச் சுத்தமாகும். உப்புத்தாள், மண்ணெண்ணெய், துரு எடுக்கும் ஸ்ப்ரே எதையும் உள்ளே விடக் கூடாது. ஐ.பி.ஏ. தீப்பிடிக்கும், சாமி விளக்கோ அடுப்போ பக்கத்தில் இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். முழுசாக உலர விட்டு அப்புறம்தான் கரண்ட். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையையே வைத்துக்கொள்ளாதீர்கள், பங்குனி வெயிலில் ஃபேன் காற்றில் உலர வைப்பது எவ்வளவோ மேல்.

பழைய சிம் ராம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. சிம் ராமின் விளிம்பு தங்கப் பூச்சிலும் வரும், வெள்ளீயப் பூச்சிலும் வரும், சாக்கெட்டும் அப்படித்தான். வெள்ளீய சாக்கெட்டில் தங்க விளிம்பைப் போட்டால் நாளடைவில் வெள்ளீயத்தின் ஆக்சைடு தங்கத்தின் மேல் ஏறி, தொடர்பு விட்டு விட்டு வரும். நிறம் பார்த்துப் பொருத்தம் செய்யுங்கள், மஞ்சளுக்கு மஞ்சள், வெள்ளைக்கு வெள்ளை.

மாட்டுவது இதற்கெல்லாம் பிறகு சுலபம். பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ராமை விளிம்பில் பிடிக்க வேண்டும். டிம் நேராக இறங்கும், வெட்டு இரண்டும் பொருந்தினால் பக்கத்துக் கொக்கிகள் தாமாக மூடும். சிம் சாய்வாக நுழைத்து நிமிர்த்த வேண்டும், கழற்றும்போது இரண்டு பக்கக் கொக்கியையும் மெதுவாக வெளியே தள்ள வேண்டும். அந்தக் கொக்கி பிளாஸ்டிக்காக இருந்தால் இருபத்தைந்து வருடத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், உடைந்தால் அந்த ஸ்லாட்டே போச்சு.

மெஷினைப் போட்டதும் முதல் ராமில் நீளமான பீப் திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் போர்டில் அவார்டு பயாஸ் (மெஷின் எழும்போது முதலில் ஓடும் புரோகிராம்), அதில் இப்படி நீளமாகத் தொடர்ந்து வந்தால் ராமைக் காணவில்லை என்று பொருள். ஏ.எம்.ஐ. பயாஸ் என்றால் மூன்று பீப் வரும். அந்த ராமை எடுத்துவிட்டு அடுத்ததைப் போட்டேன், 65536 வரை எண்ணியது. 64 எம்.பி.யைக் கே.பி.யில் எண்ணினால் அதுதான் கணக்கு. பயாஸ் எண்ணுவதை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது, அது மேலோட்டமான சோதனை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஃப்ளாப்பி போட்டு இரவு முழுவதும் ஓட விட்டேன். அதற்கு நல்ல ஃப்ளாப்பி கிடைப்பதுதான் பாடு, இந்த ஊர் ஈரத்தில் பாதி ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்திருக்கிறது. உலோக மூடியை நகர்த்திப் பார்த்து, உள்ளே வெள்ளைப் புள்ளி இருந்தால் டிரைவில் போடாதீர்கள், டிரைவின் தலையும் அழுக்காகி அடுத்த ஃப்ளாப்பியையும் கெடுக்கும். காலையில் ஒரு பிழைகூட இல்லை.

மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மலர் ஃபைலைத் திறந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுதக் கொடுத்ததும், "என்னப்பா, டிஸ்க் சத்தமே காணோம், நின்னுடுச்சா?" என்றார். "ஓடுது மாமா, இப்ப எல்லாம் ராம்லயே நடக்குது" என்றேன். சிஸ்டம் மானிட்டரில் ஸ்வாப் கோடு தரையோடு கிடந்தது. முன்பு பாதியில் செத்துப்போன மலர் முழுசாக எழுதி முடித்தது. புது மெஷினில் பி.டி.எஃப். ஆக்கித் திறந்தபோது தலைப்பு முதல் விளம்பரப் பக்கம் வரை ஒரு எழுத்து இடம் மாறவில்லை. மாமா ஒவ்வொரு பக்கமாக நகர்த்தச் சொல்லிப் பார்த்தார், எந்தப் பக்கத்துக்கு யார் பணம் பாக்கி வைத்தார்கள் என்பது வரை ஞாபகம் வைத்திருக்கிறார்.

இதைக் கேள்விப்பட்டு லாஸ்பேட்டையில் இருக்கும் நண்பன் தன் அப்பாவின் 486ஐக் கொண்டுவந்தான். அதில் 30 பின் சிம். இது ஒன்று 8 பிட்தான் கொடுக்கும், 486இன் பாதை 32 பிட், அதனால் ஒரு பேங்குக்கு (சேர்ந்து வேலை செய்யும் ராம் தொகுதிக்கு) நான்கு வேண்டும். சாமி தூக்க நாலு தோள் வேண்டும் என்பது மாதிரி, மூன்று இருந்தால் புறப்பாடே கிடையாது. 386எஸ்.எக்ஸ். என்றால் 16 பிட், இரண்டு போதும். தகட்டின் மேல் 60, 70, 80 என்று நானோ செகண்ட் இருக்கும், சில சமயம் கடைசிச் சைபர் இல்லாமல் 6, 7, 8 என்று மட்டும் இருக்கும். சின்ன எண்தான் வேகமானது. பேங்குக்குள் நான்கும் ஒரே அளவாக இருக்கட்டும்.

ஆனால் அந்த 486இல் ராமைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியிருந்தது வேறு. கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் நீல உருளையாக ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி போர்டில் பற்ற வைத்திருந்தது, அது கசிந்து சுற்றி இருந்த தடங்களைப் பச்சையாக அரித்திருந்தது. இந்தக் கசிவு காரத் தன்மை கொண்டது. பேட்டரியை வெட்டி எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு, வினிகரைத் தொட்டுத் துடைத்து, நுரை அடங்கியதும் ஐ.பி.ஏ.வால் கழுவினோம். இரண்டு தடம் அறுந்திருந்தது, மெல்லிய ஒயர் வைத்துப் பற்ற வைத்த பிறகுதான் கீபோர்டு உயிர் பெற்றது. உங்கள் வீட்டு அலமாரியில் 386, 486 எது இருந்தாலும், ராம் கூட்டுகிறீர்களோ இல்லையோ, இன்றைக்கே திறந்து இந்த பேட்டரியை எடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப் போட்டவர்களின் போர்டுகளைத்தான் நான் காயலான் கடைக் கோணியில் பார்க்கிறேன். அவன் டாஸ் 6.22 மட்டும் ஓட்டுகிறவன், அதில் வரும் ஹைமெம் என்ற மெமரி டிரைவர் 64 எம்.பி.க்கு மேல் பார்க்காது, 16 எம்.பி.யோடு நிறுத்தினோம்.

பென்டியம் 2, 3 மெஷினும் விண்டோஸ் 98உம் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. 440பி.எக்ஸ். போர்டில் 256 எம்.பி. ராம் போடுவதென்றால் பதினாறு சிப் உள்ளதை வாங்குங்கள், எட்டு சிப் உள்ளது 128 ஆகத்தான் தெரியும். 810, 815 சிப்செட் என்றால் 512தான் உச்சம். விண்டோஸ் 98இல் 512க்கு மேல் போனால் அதன் டிஸ்க் கேஷ் பெருத்துப்போய் மெமரி இல்லை என்று பிழை வரலாம், சிஸ்டம்.இனி ஃபைலில் விகேஷ் பகுதியில் மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவைக் கட்டுப்படுத்தி இதைச் சரி செய்யலாம். 512ஐத் தாண்டாமல் இருந்தால் அந்த வேலையே இல்லை.

கழற்றிய 8 எம்.பி. சிம் இரண்டையும் ஆன்டி ஸ்டேடிக் உறையில், மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒட்டி, எந்தப் போர்டிலிருந்து எடுத்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். டிம் ராமுக்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே மெஷினை எழுப்ப அவை வேண்டும். காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளிலும் கெட்டுப்போன ராம் தகடுகளையே செருகி வைக்கலாமா என்று யோசித்தேன், தூசி போகாமல் இருக்குமே என்று. கெட்ட ராம் போர்டைக் குழப்பும் என்பதால் வேண்டாமென்று விட்டுவிட்டு, ஸ்லாட் வாயில், எடுக்கும்போது பசை தங்காத கேப்டான் (Kapton) டேப்பை ஒட்டியிருக்கிறேன். மெஷினை இனிமேல் தார்ப்பாயில் சுற்றுவதில்லை, பருத்தித் துணிதான், வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஓட விடுகிறார் மாமா, உள்ளே சூடானால் ஈரம் தங்காது.

அடுத்து ஹார்டு டிஸ்க்கைக் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுக்கு மாற்ற வேண்டும், அந்தக் கடகடச் சத்தம் ரொம்ப நாள் தாங்காது. இந்த வயது பயாஸ்களில் பல 32 ஜி.பி.க்கு மேல் பார்த்தாலே உறைந்து நின்றுவிடும், சில 8 ஜி.பி.யிலேயே நின்றுவிடும். அதனால் 4 ஜி.பி. கார்டு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், மாமாவின் மொத்த வேலையும் அதில் கால்வாசிகூட வராது.